கைமாறும் கோல்

நுழையும்முன்

பள்ளி விளையாட்டு விழாவின் இறுதி நிகழ்ச்சி பெரும்பாலும் தொடரோட்டமாகவே அமையும். அதுவரை நிழலில் அமர்ந்திருந்தோரும் எழுந்து கோட்டருகே வந்து நிற்பர். காலை முதல் தனித்தனியே ஓடியவர்கள் மாலையில் நால்வராக இணைந்து ஓடும் போட்டி அது. பள்ளித் தடகள அணி எவ்வாறு உருவாகிறது, போட்டிப் பருவத்தை அது எவ்வாறு கடக்கிறது, அணியில் ஒருவர் தளர்ந்தால் என்ன நிகழ்கிறது ஆகியவற்றை இப்பாடம் விளக்குகிறது.

பள்ளித் திடலிலிருந்து தேசியப் போட்டி வரை

தடகள அணியின் பயணம் பள்ளித் திடலில் தொடங்குகிறது. கேந்திரிய வித்யாலயப் பள்ளிகள் பலவற்றில் மாணவர்கள் சிவாஜி, தாகூர், அசோகா, இராமன் என நான்கு இல்லங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பர். இல்லங்களுக்கிடையே நடைபெறும் போட்டிகளில் விரைந்து ஓடுவோரை உடற்கல்வி ஆசிரியர் குறித்து வைத்துக்கொள்வார். நேற்றுவரை எதிரெதிர் இல்லங்களில் போட்டியிட்டவர்கள் இன்று ஒரே அணியின் சட்டையை அணிவர்.

பள்ளி அணியில் சிறந்து விளங்குவோர் மண்டலப் போட்டிக்குச் செல்வர். ஒரு மண்டலத்தில் பல நகரங்களின் பள்ளிகள் அடங்கும். மண்டலப் போட்டியில் தேர்வு பெறுவோர் தேசிய அளவிலான போட்டியில் தம் மண்டலத்தின் சார்பில் களமிறங்குவர். அதற்கும் மேற்பட்ட படி, இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தும் தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டியாகும். 1954-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இக்கூட்டமைப்பின் போட்டிகளில் மாநில அணிகளோடு கேந்திரிய வித்யாலய அமைப்பும் தனி அணியாகப் பங்கேற்கிறது. 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் எனப் பிரிவுகள் வகுக்கப்பட்டுள்ளன.

ஒவ்வொரு படியிலும் அணியின் முகம் மாறுகிறது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவி குவாகாத்தியில் படித்தால், அம்மண்டலத்தின் சட்டையையே அணிந்து ஓடுவாள். அவளிடமிருந்து கோலைப் பெறுபவள் அசாமிய மொழி பேசுபவளாகவும், அவளுக்கு அடுத்தவள் வங்காளமோ இந்தியோ பேசுபவளாகவும் இருக்கக்கூடும். சில வாரங்களுக்கு முன்புவரை ஒருவரையொருவர் அறியாத நால்வர், கண்ணை மூடிக் கையை நீட்டினாலும் கோல் வந்து சேரும் என்னும் நம்பிக்கையைப் பெற்றாக வேண்டும். அந்நம்பிக்கை நாள்தோறும் பயின்று பெறுவதாகும்.

வளைவின் கணக்கு

ஓட்டக்காரர் முதலில் அறிய வேண்டியது ஓடுதளத்தின் அமைப்பு. முழு அளவுள்ள ஓடுதளம் ஒரு சுற்றுக்கு 400 மீட்டர் நீளமுடையது. இரண்டு நேர்ப்பகுதிகளும் இரண்டு வளைவுகளும் கொண்டது. ஒவ்வொரு தடமும் 1.22 மீட்டர் அகலம் உடையது. உள்தடத்தில் ஓடுபவரின் வட்டம் சிறியது. வெளித்தடங்களில் வட்டம் பெரிதாகிக்கொண்டே செல்லும். எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து தொடங்கித் தத்தம் தடத்திலேயே ஒரு சுற்று ஓடினால், எட்டாம் தடத்தில் இருப்பவர் முதல் தடத்தில் இருப்பவரைவிட ஐம்பது மீட்டருக்கும் மேல் கூடுதலாக ஓட நேரும்.

இக்குறையைப் போக்கவே தொடக்கக் கோடுகள் படிப்படியாக முன்தள்ளி வரையப்படுகின்றன. 400 மீட்டர் ஓட்டத்தில் இரண்டாம் தடத்தின் கோடு முதல் தடத்தின் கோட்டைவிட 7.04 மீட்டர் முன்னே இருக்கும். எட்டாம் தடத்தின் கோடு 53.03 மீட்டர் முன்னே இருக்கும். வட்டத்தின் சுற்றளவைக் கணக்கிடும் வாய்பாடே இவ்வளவுகளுக்கு அடிப்படை. வெளித்தடத்தில் நிற்பவர் முன்னிலையில் இருப்பதுபோல் தோன்றினாலும், அனைவரும் ஓடும் தொலைவு ஒன்றே.

பள்ளித் திடல்கள் பலவற்றில் முழு ஓடுதளம் அமைக்க இடம் இராது. 200 மீட்டர் சுற்றளவில், மண்ணிலோ புல்லிலோ சுண்ணாம்புப் பொடியால் கோடிட்டுப் பயிற்சி நடைபெறும். அங்கே வளைவுகள் குறுகலானவை. விரைந்து ஓடினால் கால் சறுக்கும். அத்திடலில் பயின்ற மாணவர் மண்டலப் போட்டியில் முதன்முறையாகச் செயற்கைத் தளத்தில் கால் வைக்கும்போது, தரை தம்மை முன்னே தள்ளுவதுபோல் உணர்வர். வளைவு நீண்டதாகவும் அகன்றதாகவும் தோன்றும். ஆகவே, போட்டிக்கு முன்நாளே தளத்தைச் சுற்றி நடந்து, வளைவில் இருமுறை ஓடிப் பார்ப்பது நல்ல அணிகளின் வழக்கம்.

நால்வரின் வேகம்

தொடரோட்டத்தில் வியப்புக்குரிய கணக்கு ஒன்று உள்ளது. 100 மீட்டர் ஓட்டத்தில் உலகச் சாதனை ஜமைக்காவின் உசேன் போல்ட் 2009-இல் பெர்லினில் நிகழ்த்திய 9.58 நொடி. அதே வேகத்தில் ஓடும் நால்வர் கிடைத்து, அவர்கள் நின்ற நிலையிலிருந்து ஒருவர்பின் ஒருவராக ஓடினால் மொத்தம் 38.32 நொடி ஆகும். ஆனால், 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் ஜமைக்க அணி 4 x 100 மீட்டர் தொடரோட்டத்தை 36.84 நொடியில் ஓடி முடித்தது. அவ்வணியில் போல்ட் ஒருவரே. ஏனைய மூவர் நெஸ்டா கார்ட்டர், மைக்கேல் பிரேட்டர், யோகன் பிளேக் ஆகியோர். நான்கு போல்ட்டுகளின் தனி ஓட்டத்தைவிட அந்நால்வரின் கூட்டோட்டம் விரைவானது.

இதற்குக் காரணம் எளிது. நின்ற நிலையிலிருந்து புறப்படுபவர் முழு வேகத்தை அடையச் சில நொடிகள் ஆகும். தொடரோட்டத்தில் முதலாமவர் மட்டுமே நின்ற நிலையிலிருந்து தொடங்குகிறார். மற்ற மூவரும் கோல் வருவதற்கு முன்பே ஓடத் தொடங்கிவிடுகின்றனர். கோல் கைக்கு வரும்போது அவர்கள் விரைந்து ஓடிக்கொண்டிருக்கின்றனர். தொடரோட்டத்தில் உண்மையில் பந்தயம் ஓடுவது கோலே எனலாம். அதன் வேகம் குறையாமல் காப்பதே நால்வரின் கடமை. நால்வரும் விரைவானவர்களாக இருந்தும் கைமாற்றம் சீர்படாத அணி, சற்று மெதுவான, ஆனால் நன்கு பயின்ற அணியிடம் தோற்பது இதனால்தான்.

காணாமல் பெறுதல்

பேட்டன் என வழங்கும் கோல் 28 முதல் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள வழவழப்பான குழாய். அதன் எடை 50 கிராமுக்குக் குறையக் கூடாது. 4 x 100 மீட்டர் ஓட்டத்தில் கோல் மாற்றும் பகுதி 30 மீட்டர் நீளமுடையது. அதற்குள்ளாகவே கோல் கைமாற வேண்டும். ஓட்டக்காரரின் கால்கள் எங்குள்ளன என்பதை நடுவர் பார்ப்பதில்லை. கோல் எங்குள்ளது என்பதையே பார்ப்பார். பகுதிக்கு வெளியே கோல் கைமாறினால் அணி தகுதி இழக்கும்.

இவ்வோட்டத்தில் கோலைப் பெறுபவர் திரும்பிப் பார்ப்பதில்லை. திரும்பினால் வேகம் குறையும். ஆதலால், பயிற்சியின்போது அவர் தாம் நிற்கும் இடத்திலிருந்து பின்னோக்கி, அடிக்கு அடி வைத்து அளந்து, தளத்தில் ஓர் அடையாளம் ஒட்டிக்கொள்வார். வருபவர் அவ்வடையாளத்தை எட்டிய கணமே இவர் முன்னோக்கிப் பாய்வார். அடையாளம் மிக அருகில் இருந்தால் வருபவர் இவர்மீது மோதிவிடக்கூடும்; மிகத் தொலைவில் இருந்தால் எட்டிப் பிடிக்க இயலாமல் பகுதி முடிந்துவிடும். எத்தனை அடி என்பதை எந்த நூலும் சொல்லாது. அவ்விருவரும் சேர்ந்து பலமுறை ஓடித்தான் கண்டறிய வேண்டும். மழை பெய்தாலோ எதிர்க்காற்று வீசினாலோ அவ்வளவும் மாறும்.

கோல் வலக்கை, இடக்கை, வலக்கை, இடக்கை என மாறி மாறிச் செல்வது பெரும்பாலான அணிகளின் முறை. வளைவில் ஓடும் முதலாமவரும் மூன்றாமவரும் வலக்கையில் கோலை ஏந்தினால் தடத்தின் உள்ளோரத்தை ஒட்டி ஓடலாம். நேர்ப்பகுதியில் ஓடும் இரண்டாமவரும் நான்காமவரும் இடக்கையில் பெறுவர். ஒருவர் கோலைத் தம் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றும் தேவை எழாது.

யாரை எங்கே நிறுத்துவது என்பதிலும் ஆசிரியர் சிந்திப்பார். வெடியொலி கேட்டதும் விரைந்து புறப்படுபவரும் வளைவில் தடுமாறாதவரும் முதலிடத்துக்கு ஏற்றவர். இரண்டாமவருக்கு நேர்ப்பகுதியில் நெடிது ஓடும் திறன் வேண்டும். பெறுதல், கொடுத்தல் ஆகிய இரண்டிலும் தேர்ச்சி வேண்டும். மூன்றாமவர் வளைவில் வல்லவராக இருத்தல் நலம். இறுதியில் ஓடுபவர், பக்கத்தில் எவர் வந்தாலும் கலங்காதவராக இருக்க வேண்டும். எனவே, தனி ஓட்டத்தில் முதலிடம் பெற்றவரே இறுதியில் ஓட வேண்டும் என்னும் விதி இல்லை.

கோலைக் கொடுப்பவர், கை நீட்ட வேண்டிய கணத்தை ஒரு சொல்லால் உணர்த்துவார். அச்சொல்லை அணியே முடிவு செய்துகொள்ளும். அது தமிழாகவோ இந்தியாகவோ ஆங்கிலமாகவோ பொருளற்ற ஓரொலியாகவோ இருக்கலாம். குறுகியதாகவும், பக்கத்து அணியின் சொல்லிலிருந்து வேறுபட்டதாகவும் இருந்தால் போதும். பல மொழி பேசும் நால்வர் தமக்கெனப் பொதுவாக ஆக்கிக்கொள்ளும் முதற்சொல் அதுவாகவும் இருக்கலாம்.

பயிற்சி மிகுந்தவர்களும் இவ்விடத்தில் தவறுவதுண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் ஆடவர் அணி, மகளிர் அணி ஆகிய இரண்டும் 4 x 100 மீட்டர் தகுதிச் சுற்றிலேயே கோலைத் தவறவிட்டு வெளியேறின. கோல் கீழே விழுந்தவுடன் போட்டி முடிந்துவிடுவதில்லை. தவறவிட்டவரே அதனை எடுத்து, பிறருக்கு இடையூறு செய்யாமல் ஓட்டத்தைத் தொடரலாம். எனினும், ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்கு வேறுபாட்டில் வெற்றி தீர்மானிக்கப்படும் ஓட்டத்தில் குனிந்து எழும் நேரம் மிகப் பெரியது.

பார்த்துப் பெறுதல்

4 x 400 மீட்டர் ஓட்டத்தின் இயல்பு வேறு. முதலாமவர் ஒரு சுற்று முழுவதையும் தம் தடத்திலேயே ஓடுவார். இரண்டாமவர் முதல் வளைவைக் கடந்ததும் உள்தடத்துக்கு வரலாம். அதன்பின் எல்லா அணியினரும் கலந்து ஓடுவதால் தோளோடு தோள் உரசும் நெருக்கடி உண்டாகும். கோல் மாற்றும் பகுதியும் 20 மீட்டரே. இங்கே பெறுபவர் திரும்பி நின்று, வருபவரின் முகத்தையும் நடையையும் பார்த்தே புறப்பட வேண்டும். ஏனெனில், 400 மீட்டர் ஓடி வருபவரின் இறுதி வேகம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாய் இருப்பதில்லை.

இதற்கான காரணம் உடலின் இயக்கத்தில் உள்ளது. ஓட்டத்தின் முதல் சில நொடிகளில் தசைகளில் முன்னரே சேமிக்கப்பட்டுள்ள ஆற்றல் பயன்படுகிறது. அது விரைவில் தீர்ந்துவிடும். அதன்பின் சர்க்கரைப் பொருள் பெருமளவு ஆக்சிசன் துணையின்றியே சிதைக்கப்பட்டு ஆற்றல் பெறப்படுகிறது. அவ்வாறு நிகழும்போது தசைகளில் அமிலத்தன்மை மிகுகிறது. 300 மீட்டரைக் கடந்தபின் கால்கள் ஈயம்போல் கனப்பதும் கைகள் மேலெழ மறுப்பதும் இதனாலேயே. முதல் 200 மீட்டரில் ஆர்வ மிகுதியால் முழு வேகத்தையும் செலவிடும் இளம் ஓட்டக்காரர் இறுதி 100 மீட்டரில் அதற்கான விலையைத் தர நேரும். வேகத்தைப் பங்கிட்டுச் செலவிடக் கற்பதே 400 மீட்டர் பயிற்சியின் சாரம்.

பருவமும் பயிற்சியும்

ஆண்டு முழுவதும் ஒரே வகையில் பயிற்சி செய்பவர் இறுதிப் போட்டியில் சிறக்க இயலாது. உழவுக்குப் பருவம் இருப்பதுபோலத் தடகளத்துக்கும் பருவம் உண்டு. முதற்கட்டத்தில் மெதுவான நீண்ட ஓட்டங்களும், மேட்டில் ஏறும் ஓட்டங்களும், உடல் வலுவூட்டும் பயிற்சிகளும் இடம்பெறும். அடுத்த கட்டத்தில் தொலைவு குறைந்து வேகம் கூடும். 200 மீட்டரை விரைந்து ஓடி, நடந்து மூச்சைத் தேற்றி, மீண்டும் ஓடும் இடைவெளிப் பயிற்சி அப்போது தொடங்கும். போட்டி நெருங்கும் வாரத்தில் பயிற்சியின் அளவைக் குறைத்துவிடுவர். களைப்பு நீங்கினால்தான் பெற்ற வலிமை வெளிப்படும்.

இக்கடைசி வாரமே மாணவர்களுக்குக் கடினமானது. நன்றாக ஓட வேண்டும் என்னும் ஆவலில் ஆசிரியர் அறியாமல் கூடுதலாக ஓடி, தசைப்பிடிப்புடன் போட்டிக்கு வருவோர் உண்டு. வளரும் பருவத்தினருக்கு நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை என மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். தேர்வுக்கும் போட்டிக்கும் இடையே உறக்கத்தைக் குறைத்துக்கொள்ளும் மாணவர் இரண்டிலும் தளர்வர். கோடை வெப்பம் மிகுந்த நகரங்களில் அதிகாலையும் மாலையுமே பயிற்சிக்கு ஏற்றவை. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நீர் அருந்துதல் வேண்டும்.

போட்டி நாளிலும் ஆற்றலைப் பங்கிட வேண்டும். காலையில் தகுதிச் சுற்று, நண்பகலில் அரையிறுதி, மாலையில் இறுதி, அதன்பின் தொடரோட்டம் என ஒரே மாணவர் நான்கு முறை ஓட நேரலாம். தனி ஓட்டத்தில் பதக்கம் பெறுவதா, தொடரோட்டத்துக்கு வலிமையைச் சேமிப்பதா என்னும் கேள்வி அப்போது எழும். இல்லங்களுக்கிடையேயும் பள்ளிகளுக்கிடையேயும் நடைபெறும் போட்டிகளில் முதல் மூன்று இடங்களுக்குப் புள்ளிகள் வழங்கப்படும். முதலிடத்துக்கு 5, இரண்டாமிடத்துக்கு 3, மூன்றாமிடத்துக்கு 1 என்று கொள்வோம். முதலிடம் பெறும் ஒருவர் ஈட்டும் புள்ளியைவிட, ஓர் இரண்டாமிடமும் மூன்று மூன்றாமிடங்களும் சேர்ந்து அதிகம் தரும். மேடையேறாத மூன்றாமிடத்தாரும் கோப்பையில் பங்குடையவர் என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

நூற்றில் ஒரு பங்கு

தடகளத்தில் சிறு அளவு எத்துணைப் பெரியது என்பதற்கு இந்திய வரலாற்றில் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. கேரளத்தின் பய்யோளிப் பகுதியைச் சேர்ந்த பி.டி. உஷா, கண்ணூரில் தொடங்கப்பட்ட விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்து, ஓ.எம். நம்பியார் என்னும் பயிற்சியாளரிடம் பயின்றவர். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கின் 400 மீட்டர் தடை ஓட்ட இறுதியில் அவர் 55.42 நொடியில் ஓடி நான்காமிடம் பெற்றார். மூன்றாமிடம் பெற்ற உருமேனிய வீராங்கனையின் நேரம் 55.41 நொடி. நூற்றில் ஒரு பங்கு நொடியில் வெண்கலம் கைநழுவியது. அதே ஒலிம்பிக்கில் உஷா, வந்தனா ராவ், எம்.டி. வல்சம்மா, ஷைனி ஆபிரகாம் ஆகியோர் கொண்ட இந்திய அணி, மகளிர் 4 x 400 மீட்டர் தொடரோட்டத்தின் இறுதிக்குத் தகுதி பெற்று ஏழாமிடம் அடைந்தது.

55.42 என்னும் எண் இந்தியாவின் தேசியச் சாதனையாக 39 ஆண்டுகள் நிலைத்தது. 2023-இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியின் தகுதிச் சுற்றில், கோயம்புத்தூரைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ் மிகச் சரியாக 55.42 நொடியில் ஓடி அச்சாதனையைச் சமன் செய்தார். இறுதிச் சுற்றில் வெண்கலம் வென்றார். அத்துடன் நில்லாமல், ஐஸ்வர்யா மிஸ்ரா, பிராச்சி, சுபா வெங்கடேசன் ஆகியோருடன் இணைந்து 4 x 400 மீட்டர் தொடரோட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். ஒரே போட்டித் தொடரில் தமக்காகவும் அணிக்காகவும் பலமுறை ஓடியவர் அவர்.

நாசோவில் இரண்டு நாள்

அணி என்பதன் பொருளை 2024-ஆம் ஆண்டு மே மாதம் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி தெளிவாக்கும். பகாமாஸ் நாட்டின் நாசோ நகரில் உலகத் தொடரோட்டப் போட்டி நடைபெற்றது. பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறும் வாய்ப்பு அங்கே இருந்தது.

இந்திய ஆடவர் 4 x 400 மீட்டர் அணிமீது பெரும் எதிர்பார்ப்பு நிலவியது. அதற்கு முந்தைய ஆண்டு, புடாபெஸ்டு உலகத் தடகளப் போட்டியின் தகுதிச் சுற்றில் முகமது அனஸ், அமோஜ் ஜேக்கப், முகமது அஜ்மல், ராஜேஷ் ரமேஷ் ஆகிய நால்வரும் 2 நிமிடம் 59.05 நொடியில் ஓடி ஆசியச் சாதனை படைத்திருந்தனர். இறுதியில் ஐந்தாமிடம் பெற்றனர். பின்னர் ஹாங்சோவில் தங்கமும் வென்றனர். திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்த ராஜேஷ் ரமேஷ், இரயில்வேயில் பயணச்சீட்டுப் பரிசோதகராகப் பணியாற்றியவர்.

நாசோவில் முதல் நாள் தகுதிச் சுற்றில், இரண்டாவதாக ஓடிய ராஜேஷுக்கு நடுவழியில் தசைப்பிடிப்பு ஏற்பட்டது. அவரால் ஓட்டத்தைத் தொடர இயலவில்லை. அடுத்த இருவரும் காத்திருந்த இடத்துக்குக் கோல் வந்து சேரவே இல்லை. அணி ஓட்டத்தை முடிக்காததாக அறிவிக்கப்பட்டது. எஞ்சியிருந்தது மறுநாள் நடைபெறும் இரண்டாம் வாய்ப்பு மட்டுமே.

மறுநாள் ராஜேஷுக்கு மாற்றாகக் களமிறங்கியவர் ஆரோக்கிய ராஜீவ். திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் இலால்குடிப் பகுதியில் பிறந்து, இராணுவத்தில் சேர்ந்தவர். 2014 ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் வெண்கலம் வென்றவர். புடாபெஸ்டிலும் ஹாங்சோவிலும் இறுதியில் ஓடிய நால்வரில் அவர் இல்லை. எனினும், முப்பது வயதைக் கடந்த நிலையிலும் பயிற்சியைக் கைவிடாமல் அணியோடு இருந்தார். அனஸ், அஜ்மல், ஆரோக்கிய ராஜீவ், அமோஜ் என்னும் வரிசையில் ஓடிய இந்திய அணி, 3 நிமிடம் 3.23 நொடியில் இரண்டாமிடம் பெற்று ஒலிம்பிக்குக்குத் தகுதி அடைந்தது. இறுதியாக ஓடிய அமோஜ் ஜேக்கப், கேரளத்தில் பிறந்து டெல்லியில் வளர்ந்தவர். அதே நாளில் ரூபல், பூவம்மா, ஜோதிகா ஸ்ரீ, சுபா வெங்கடேசன் ஆகியோர் கொண்ட மகளிர் அணியும் தகுதி பெற்றது.

முதல் நாள் ஓட்டத்தை முடிக்க இயலாத ராஜேஷ் அணியிலிருந்து விலக்கப்படவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் பாரிஸில் அவர் மீண்டும் அணியோடு ஓடினார். அணி 3 நிமிடம் 0.58 நொடியில் ஓடியது. இறுதிச் சுற்றுக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டவில்லை எனினும், அப்பருவத்தில் அவ்வணியின் மிக விரைவான ஓட்டம் அதுவே. ஒருவர் தளர்ந்தபோது மற்றொருவர் அவரிடத்தை நிரப்பினார். தளர்ந்தவர் தேறியதும் இடம் திரும்பக் கிடைத்தது.

மாற்று வீரரின் இடம்

பள்ளி அணிகளிலும் இந்நிலை உண்டு. தொடரோட்டத்துக்குப் பெயர் கொடுக்கும்போது நால்வரோடு மாற்று வீரர்களின் பெயர்களும் சேர்க்கப்படும். மாற்று வீரர் ஏனையோரைப் போலவே காலையில் எழுவார். அவர்களோடு உடலைச் சூடாக்கிக்கொள்வார். கோல் மாற்றும் பயிற்சியில் ஒவ்வொருவருடனும் ஓடிப் பழகுவார். போட்டி தொடங்கும்போது நால்வரின் மேற்சட்டைகளையும் காலணிகளையும் கையில் வைத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நிற்பார். பெரும்பாலான போட்டிகளில் அவர் ஓட அழைக்கப்படுவதில்லை. அழைக்கப்படும் நாளில், முந்தைய நாள்களில் அவர் செய்த பயிற்சியே அணியைக் காக்கும்.

கோல் கீழே விழுந்த நாளும் அணியின் வாழ்வில் வரும். அப்போது தவறவிட்டவர் யார் என்று தேடுவது எளிது. ஆனால், கைமாற்றம் இருவரின் செயல். அடையாளத்தை அளந்தவர் ஒருவர். சொல்லை உரைத்தவர் மற்றொருவர். எனவே, நல்ல ஆசிரியர்கள் அவ்விருவரையும் மறுநாளே அதே இடத்தில் நிறுத்தி, மெதுவான ஓட்டத்தில் தொடங்கி மீண்டும் பயிற்றுவர்.

கல்வியாண்டு முடிகிறது. பன்னிரண்டாம் வகுப்பினர் பள்ளியை விட்டுச் செல்கின்றனர். தந்தைக்கோ தாய்க்கோ பணியிட மாற்றம் வந்து வேறு நகரத்துக்குச் செல்லும் மாணவரும் உண்டு. கோல் உடற்கல்வி அறையின் அலமாரியில் இருக்கிறது. அடுத்த ஆண்டின் முதற்பயிற்சியன்று, சென்ற ஆண்டு மேற்சட்டைகளைச் சுமந்து நின்ற மாணவி அதனை எடுத்துக்கொண்டு திடலுக்கு வருகிறாள். புதிதாகச் சேர்ந்த ஒருத்தியை முன்னே நிற்கச் செய்து, அடிக்கு அடி வைத்து அளக்கத் தொடங்குகிறாள்.

சொல்லும் பொருளும்

தொடரோட்டம் – ஒருவர்பின் ஒருவராகக் கோலைக் கைமாற்றி ஓடும் போட்டி
தடம் – ஓடுதளத்தில் ஒவ்வொருவருக்கும் ஒதுக்கப்பட்ட பாதை
தகுதிச் சுற்று – அடுத்த சுற்றுக்கு உரியவரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டம்
தடை ஓட்டம் – இடையிடையே வைக்கப்பட்ட தடைகளைத் தாண்டி ஓடும் போட்டி
சாரம் – முதன்மையான கருத்து
சமன் செய்தல் – முந்தைய அளவுக்கு இணையாதல்
நெடிது – நீண்டதாக

மதிப்பீடு

அ. பிரித்து எழுதுக.
1. தொடரோட்டம் 2. அவ்வணி 3. முதலிடம் 4. இக்கணக்கு

ஆ. குறுவினாக்கள்
1. 400 மீட்டர் ஓட்டத்தில் தொடக்கக் கோடுகள் முன்தள்ளி வரையப்படுவது ஏன்?
2. கோல் மாற்றும் பகுதியில் நடுவர் எதனை உற்றுநோக்குவார்?
3. 55.42 என்னும் எண்ணோடு தொடர்புடைய இரு வீராங்கனைகள் யாவர்?

இ. சிறுவினாக்கள்
1. தொடரோட்ட நேரம் நான்கு தனி ஓட்டங்களின் கூட்டுநேரத்தைவிடக் குறைவாக இருப்பதன் காரணத்தை விளக்குக.
2. 4 x 100, 4 x 400 மீட்டர் ஓட்டங்களில் கோல் பெறும் முறைகளை வேறுபடுத்திக் காட்டுக.

ஈ. நெடுவினா
நாசோவில் இரு நாள்களில் நிகழ்ந்தவற்றை எழுதி, மாற்று வீரரின் இன்றியமையாமையை நிறுவுக.

உ. செயல்பாடு
வகுப்பில் நால்வர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து, கோலைக் கைமாற்றும்போது சொல்வதற்கு உரிய ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்க. அதனைத் தேர்ந்த காரணத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.